முழங்கால் தேய்மானமும் பிராணவாயுவும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு நடந்து ஏறினால் மூச்சு வாங்கும். இறங்கினால் முழங்கால் நோகும். இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டு, ஆழ்ந்து மூச்சிழுத்தால் பிராணவாயு மூட்டுக்குப் பாய்ந்து தேய்மானம் ஆறிவிடும் என்று நம்புவோர் உண்டு. இது சரியா?

நலமாயுள்ளவரின் தமனி இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், சாதாரண மூச்சிலேயே 95 சதவீதத்துக்கு மேல் பிராணவாயுவால் நிறைந்துவிடுகிறது. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? அப்படியே ஊற்றினாலும், எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களே கிடையாது! அதன் செல்கள் மிகக் குறைந்த பிராணவாயுவில் வாழப் பழகியவை. அவற்றுக்கு உணவு தருவது மூட்டுத் திரவம். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு பஞ்சுபோல் அமுங்கித் திரவத்தை வெளியேற்றுகிறது, தூக்கும்போது உறிஞ்சிக்கொள்கிறது. வலிக்குப் பயந்து கட்டிலில் கிடப்பது மூட்டைப் பட்டினி போடுவதாகும்.

மூச்சுப் பயிற்சியால் உடலின் இறுக்கம் தளர்ந்து, சிலருக்கு வலியைத் தாங்குவது எளிதாகலாம். தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. தொடைத் தசையை வலுவாக்குவதே முக்கியம். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணி, மெல்ல இறக்குங்கள். அப்போது மூச்சை அடக்கக் கூடாது. மலையிறங்கும்போது கைத்தடியை நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் மாற்றிப் பிடிக்கின்றனர்.