மேனேஜரா, புரமோட்டரா, ‘ஆலோசகரா’? குத்துச்சண்டை வீரரின் பணத்தை முடிவு செய்யும் ஒரு வார்த்தை

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரி வைத்திருப்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஏஜென்ட், சரக்கு அனுப்பும் கம்பெனியிலும் சொல்லாமல் பங்கு வைத்திருந்தால், அவர் பேசித் தரும் வாடகையை நம்புவீர்களா? “அதெப்படிங்க, அவன் யாருக்குப் பேசுவான்?” என்றுதான் பதில் வரும்.

அமெரிக்காவின் தொழில்முறை குத்துச்சண்டையில் கோடிக்கணக்கான டாலர் கேட்டுப் போடப்பட்ட வழக்குகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே கேள்விதான். சேலம், நாமக்கல் பக்கம் பயிற்சி எடுக்கும் ஒரு பையனிடம் யாராவது வந்து “மேட்ச், ஸ்பான்சர் எல்லாம் நான் பாத்துக்கறேன் தம்பி, நீ கையெழுத்து மட்டும் போடு” என்று சொன்னால், அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு என்ன வேலை?

புரமோட்டர் போட்டியை நடத்துபவர். அரங்கம், டிக்கெட், டிவி ஒப்பந்தம், விளம்பரம் எல்லாம் அவர் பொறுப்பு. வரும் பணத்தில் வீரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் அவருக்கு. அதாவது, வீரரின் சம்பளம் குறைந்தால் அவர் லாபம் கூடும்.

மேனேஜர் வீரரின் ஆள். சம்பளத்தில் சதவீதம் வாங்குகிறார். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் இது மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். வீரருக்கு அதிகம் கிடைத்தால்தான் இவருக்கும் அதிகம்.

இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார்ந்தால் பேரமே இல்லை. அதைத் தடுக்கத்தான் அமெரிக்கா 2000-ஆம் ஆண்டு முகமது அலி பெயரில் ஒரு சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. வீரரின் மேனேஜருக்குப் புரமோஷனில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணப் பங்கு இருக்கக் கூடாது. புரமோட்டருக்கு மேனேஜ்மென்ட்டில் இருக்கக் கூடாது. பத்து ரவுண்டுக்குக் குறைவான போட்டிகளில் மட்டும் ஆடுபவர்களுக்கு இந்தத் தடுப்புச் சுவர் கிடையாது. பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் புது வீரர்களே சுவருக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது விசித்திரம்தான்.

‘ஆலோசகர்’ எங்கிருந்து வந்தார்?

ஆல் ஹேமன், இசை நிகழ்ச்சிகள் நடத்துவதிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்தவர். ஃபிளாய்ட் மேவெதர் உட்பட ஏராளமான வீரர்களுக்கு அவர் ‘ஆலோசகர்’. 2015 மார்ச்சில் ‘பிரீமியர் பாக்ஸிங் சாம்பியன்ஸ்’ என்ற தொடரை ஆரம்பித்தார். வழக்கமாக டிவி சேனல்தான் போட்டிக்குப் பணம் தரும். இங்கே தலைகீழ்: சேனல்களுக்குப் பணம் கொடுத்து நேரம் வாங்கப்பட்டது.

அந்த மே மாதமே ஆஸ்கர் டி லா ஹோயாவின் கோல்டன் பாய் நிறுவனம் 30 கோடி டாலர் கேட்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. ஹேமன் உண்மையில் மேனேஜர், ஆனால் புரமோட்டர் வேலையையும் செய்கிறார், வீரர்களைக் கட்டிப்போட்டு மற்ற புரமோட்டர்களைச் சந்தையிலிருந்து விரட்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. ஜூலையில் பாப் ஆரமின் டாப் ரேங்க் நிறுவனமும் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. ஹேமன் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது.

டாப் ரேங்க் 2016 மே மாதம் சமரசம் ஆகிவிட்டது. கோல்டன் பாய் வழக்கை 2017 ஜனவரியில் நீதிபதி ஜான் வால்டர், முழு விசாரணைக்குப் போகாமலேயே ஹேமனுக்குச் சாதகமாக முடித்தார்.

காரணம், வழக்கு நின்ற தளம். அலி சட்டத்தை மீறியதால் பண நஷ்டம் என்று இழப்பீடு கேட்கும் உரிமையை அந்தச் சட்டம் வீரருக்குத்தான் தருகிறது. புரமோட்டர்கள் கையில் எடுத்த முக்கிய ஆயுதம் ஏகபோகத்துக்கு எதிரான சட்டம். அதில் சந்தைப் போட்டி நசுங்கியது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான ஆதாரம் தேறவில்லை. ‘ஆலோசகர்’ என்ற பெயருக்குள் மேனேஜர் இருக்கிறாரா என்ற கேள்வி ஜூரியின் முன் வரவே இல்லை. ஆனால் சட்டத்தின் விளக்கம் எளிமையானது: வீரரின் பிரதிநிதியாக இருந்து அதற்குக் கூலி வாங்குபவர் மேனேஜர். விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருந்தாலும்.

நம்ம ஊரில்?

2015-ல் விஜேந்தர் சிங் தொழில்முறைக்கு மாறிய பிறகுதான் இந்தியாவில் பலருக்கு இந்த உலகமே அறிமுகமானது. அலி சட்டம் மாதிரி ஒன்று இங்கே இல்லை. அதற்காக வீரர் கையில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்ட் பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. லாரிக்கும் முட்டைக்கும் பொருந்துவது குத்துச்சண்டைக்கும் பொருந்தும்.

அதன்படி பார்த்தால் வீரர்தான் முதலாளி, ஆலோசகர் அவருடைய ஏஜென்ட். கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் (பிரிவு 213). முதலாளிக்குத் தெரியாமல் அதே வேலையில் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் வந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் (பிரிவு 216). “தெரியாமல்” என்பதுதான் முக்கியம். “ஆலோசகருக்குப் போட்டியில் வேறு வணிக நலன் இருக்கலாம், அதற்கு வீரர் சம்மதிக்கிறார்” என்று பத்தாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், அந்தக் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொள்ளும் ஷரத்து இன்னொரு தலைவலி. இதில் உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது, விளையாட்டு கிரிக்கெட். ஜாகீர் கான் 2000-ல் பெர்செப்ட் டி’மார்க் நிறுவனத்தோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டார். அது முடிந்த பின்பு வேறு யாராவது வாய்ப்புத் தந்தாலும் முதலில் பெர்செப்டிடம் சொல்லி, அதே தொகையைத் தர அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து. அவர் வேறு நிறுவனத்துக்குப் போனதும் பெர்செப்ட் கோர்ட்டுக்குப் போனது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற 27-ஆவது பிரிவைக் காட்டி, அந்த ஷரத்தைத் தூக்கிப் பிடிக்க மறுத்தது.

அதற்காக அவசரப்பட வேண்டாம். ஒப்பந்தக் காலத்துக்குள் “வேறு யாருக்கும் ஆட மாட்டேன்” என்று எழுதிக் கொடுத்திருந்தால், பெரும்பாலும் அது செல்லும். அதனால் எத்தனை வருஷம் என்பதையும், அது தானாகவே நீளுமா என்பதையும் முதலில் பாருங்கள்.

பையனுக்கு 18 ஆகவில்லையா? அவன் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1903-லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. “அப்பா கையெழுத்துப் போட்டால் சரியாயிடுமே” என்பார்கள். ஆகாது. ராஜ் ராணி என்ற மைனர் நடிகைக்காக அவர் தந்தை, தயாரிப்பாளர் பிரேம் அதீபோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1940-களில் தீர்ப்பளித்தது. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்டதே நடிகை தரப்புதான். அந்தக் காகிதம் அவர்களுக்கும் உதவவில்லை.

கடைசிப் பக்கத்தையும் விடாதீர்கள். தகராறு வந்தால் நடுவர் மன்றம் எந்த ஊரில் என்று அங்கேதான் இருக்கும். அதில் டெல்லி என்று போட்டிருந்தால், ராசிபுரத்துப் பையன் சில ஆயிரம் ரூபாய் பாக்கிக்காக அங்கே வக்கீல் வைக்க வேண்டும். பலர் பாக்கியை விட்டுவிடுவதற்கு இதுவே போதும். சேலம் என்றோ சென்னை என்றோ மாற்றச் சொல்லிக் கையெழுத்துக்கு முன்னால் கேட்கலாம். அதற்குப் பிறகு எதிர்த் தரப்பும் சம்மதிக்க வேண்டும்.