அகதிச் சட்டம் ஆராய யார் பணம் தருவார்?

தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். எனச் சட்டப் பள்ளிகள் வரும். பெருங்குடியில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி. இங்கே எல்.எல்.எம். முடித்த ஒருவர் அகதிகள் சட்டத்தில் பிஎச்.டி. செய்ய நினைத்தால், வீட்டில் கேட்கும் முதல் கேள்வி மாதச் செலவைப் பற்றித்தான்.

நம் நாட்டில் உதவித்தொகை பெரும்பாலும் தலைப்பைப் பார்த்து வருவதில்லை. பாடத்தைப் பார்த்து வருகிறது. எனவே பெரிய வழி யு.ஜி.சி. நெட் தேர்வு. சட்டப் பாடத்தில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000, வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு 30. எல்.எல்.எம். பட்டதாரிகளுக்கு 3 ஆண்டுகள் தளர்வு உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 5 ஆண்டுகள். எல்.எல்.எம். தளர்வு இருப்பது தெரியாமல் வயது போய்விட்டது என்று ஒதுங்குபவர்கள் விதிமுறையை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

நெட் கைகொடுக்காவிட்டால் டெல்லியின் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இருக்கிறது. சமூக அறிவியலுக்கான இந்த அமைப்பு சட்ட ஆய்வையும் ஏற்கிறது, மாதம் ரூ.20,000. சென்னை வாடகைக்கு இது போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் திட்டங்கள் எந்த நாட்டவரையும் சம்பளத்துக்கே எடுக்கின்றன. ஆனால் அதற்கு வெளிநாடு போக வேண்டும்; இலங்கைத் தமிழர் அகதி முகாம்களோ இங்கே இருக்கின்றன.

ஏன் இங்கேயே ஆராய வேண்டும்? 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென மத்தியச் சட்டமும் இல்லை. 1946 வெளிநாட்டினர் சட்டத்தின் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடப்பில் உள்ளது. அதையொட்டி வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு தந்தது. தண்டனை இல்லை, சரி. அவர்கள் சட்டப்படி யார்? குடியுரிமை எப்போது? இதற்கு ஆணையில் பதில் இல்லை.

பதிலின் துண்டுகள் தமிழ்நாட்டு அரசாணைகளிலும் முகாம் பதிவேடுகளிலும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்ததால் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் ஏற்றது. அதே நிலையில் இன்னும் எத்தனை பேர் என்பதை ஊர் ஊராகப் போய், தமிழ் ஆவணங்களைப் படித்துத்தான் எழுத முடியும். வக்கீல் தொழிலுக்கு நடுவே பகுதிநேரமாகச் செய்து முடிக்கிற வேலை அல்ல இது. ஜே.ஆர்.எஃப். பணமும் முழுநேர ஆய்வாளருக்குத்தான்.

முகாம் வாழ் தமிழர்களின் வீடு, கல்வி, வாழ்வாதாரத்துக்கு 2021-இல் மாநில அரசு ரூ.317 கோடி அறிவித்தது. அன்று 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். பெருங்குடிச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வுக்கென்றே இரண்டு முழுநேர ஆய்விடங்களை ஜே.ஆர்.எஃப். அளவில் ஏற்படுத்த, வாடகைப்படி நீங்கலாக, முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ரூ.8.88 லட்சம் போதும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் அரசு அதை ஒதுக்க வேண்டும்.