வீட்டு மாடியில் சோலார்: போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்?

காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் மொட்டை மாடி வீடு கட்டியவர்களிடம் சோலார் ஏஜென்ட்கள் இப்போது அடிக்கடி வந்து பேசுகிறார்கள். "நாலே வருடத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்கிறார்கள். அது சில வீடுகளுக்கு உண்மை. பக்கத்து வீட்டுக்கே அது பொய்யாகவும் இருக்கலாம். எந்த வீடு என்பதை உங்கள் கரண்ட் பில்தான் சொல்லும்.

முதலில், யாருக்குத் தேவையில்லை என்று பார்த்துவிடலாம். வயல் பம்ப்செட்டுக்கு 1990 முதலே தமிழகத்தில் இலவச மின்சாரம். அந்த இணைப்பில் மிச்சப்படுத்த எதுவும் இல்லை. டீசல் இன்ஜினில் இறைப்பவர்களும் மின் இணைப்புக்குக் காத்திருப்பவர்களும் வேளாண் பொறியியல் துறை மானியத்தில் கொடுக்கும் சோலார் பம்ப்பைப் பற்றி விசாரிக்கலாம். அது வேறு திட்டம். அடுத்து, வீட்டிலேயே பட்டுத் தறி போட்டிருக்கும் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். அதற்குள் ஓடும் வீட்டில் பில்லே வராது, சோலார் போட்டால் போட்ட காசு அப்படியே முடங்கும். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்கிறோம்.

மற்ற வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101லிருந்தே 4.70தான். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, அப்புறம் 10.50 என்று ஏறும். சோலாரில் கிடைக்கும் யூனிட்டுகளை மின்வாரியம் இருவழி மீட்டர் வைத்துக் கழித்துவிட்டு, மீதி யூனிட்டுக்குத்தான் பில் போடும். கழிவது மேல்தட்டு யூனிட், அதாவது விலை அதிகமான யூனிட். பில் பெரிதாக உள்ள வீட்டுக்கு லாபம் சீக்கிரம் வருவது இதனால்தான்.

ஒரு கிலோவாட் சோலார் நம் பக்கத்தில் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகையில் குறையும், பங்குனி, சித்திரையில் கூடும். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. அதில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குக்காக 1 கிலோவாட் 75,000, 2 கிலோவாட் 1.40 லட்சம், 3 கிலோவாட் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீடு. இரண்டு குடும்பம், ஒரு ஏசி, போர்வெல் மோட்டார் என்று வையுங்கள். பில் 4,770 ரூபாய். 2 கிலோவாட் போட்டால் மீதி 320 யூனிட், பில் 799 ரூபாய்தான். வருடத்துக்கு 23,800 ரூபாய்க்கு மேல் மிச்சம். மானியம் போகக் கைக்காசு 80,000. மூன்றரை வருடத்துக்குள் எடுத்துவிடலாம். அதே வீட்டில் 3 கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம், கைக்காசு 1.22 லட்சம். கூடுதலாகப் போட்ட 42,000 ரூபாய் வருடத்துக்கு 4,800 ரூபாய் அளவுக்குத்தான் மிச்சப்படுத்தும். அந்த மூன்றாவது கிலோவாட்டின் காசு மட்டும் திரும்ப ஒன்பது வருடம் ஆகும். "பில் ஜீரோ" என்ற பேச்சில் மயங்கிப் பெரிதாகப் போடாதீர்கள்.

400 யூனிட் ஓடும் வீட்டின் பில் 1,175 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் 141 ரூபாய்க்கு இறங்கும். வருட மிச்சம் 6,200, கைக்காசு 45,000. ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். அதே வீட்டில் 2 கிலோவாட் என்றால் பதினோரு வருடம். 200 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டின் பில்லே 235 ரூபாய்தான், அங்கே வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மீட்டர் செலவு, பராமரிப்பு, கடன் வட்டி எதையும் இதில் சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் காலம் இன்னும் கூடும். பேனல் 25 வருடம் வரை உழைக்கும் என்றாலும், இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறை மாற்ற வேண்டி வரும். அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மின்வெட்டுக்காக சோலார் வாங்குகிறீர்கள் என்றால் பேட்டரியும் சேர்த்து வாங்க வேண்டும். அப்போது மேலே போட்ட கணக்கு செல்லாது.

கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். நெல்லும் வடகமும் காயப்போட இடம் வேண்டும் என்று வீட்டில் சண்டை வரலாம், உயரமான ஸ்டாண்டில் அமைத்தால் அடியில் இடம் கிடைக்கும். ஆனால் வர்தா மாதிரிப் புயல் அடிக்கிற மாவட்டம் இது, ஸ்டாண்டின் உறுதியில் சிக்கனம் பார்க்காதீர்கள். தென்னை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் உற்பத்தி குறையும். தூசியை வாரம் ஒருமுறை காலையில் கழுவுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் கறை படியும், துணியால் துடைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தைத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் போட வேண்டும், அதில் பதிவான நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். பேனல் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். மானியம் வேலை முடிந்து சோதனையும் முடிந்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும், அதுவரை முழுப் பணமும் நீங்கள் புரட்ட வேண்டும். பொதுத்துறை வங்கிகளில் ஈடில்லாத கடன் உண்டு. மின் இணைப்பு இன்னும் காலமான அப்பா, தாத்தா பெயரில் இருந்தால், முதலில் பெயர் மாற்றிவிட்டு வாருங்கள். ஏஜென்ட்டிடம் பேசும்போது கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.