நெஞ்சுக்குள் ஒரு சீலைமண்!

"டாக்டர், அப்பாவுக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சிருக்கு. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலாமா? தண்ணி உள்ள போயி மெஷின் ரிப்பேர் ஆயிடாதா?"

சித்த மருத்துவரிடம் வந்து பேஸ்மேக்கரைப் பற்றிக் கேட்கிறார்களே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எண்ணெய்க் குளியல், தொக்கணம், வர்மம் என்று வந்துவிட்டால் கேள்வி எங்களிடம்தானே வரும்! ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பதில். ஆபரேஷன் காயம் முழுதாக ஆறி, இதய டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டால், தாராளமாகக் குளிக்கலாம். மேலே தோல் மூடியிருக்கிறது. ஷவர் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் மெஷினைத் தொடவே போவதில்லை. எண்ணெயும் தேய்க்கலாம். ஆனால் மெஷின் இருக்கும் மேட்டில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. அங்கே தொக்கணமும் வேண்டாம்.

சரி, வெளித் தண்ணீரால் ஆபத்தில்லை. உள்ளே இருக்கும் தண்ணீர்? உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்!

உடம்பு ஒரு உப்புக் கடல்

நம் உடம்பு நீரில் சுமார் 0.9 சதவிகிதம் உப்பு. சூடு எப்போதும் 37 டிகிரி. ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டு, பத்து வருஷம் நிற்காமல் பாடச் சொன்னால் எப்படியிருக்கும்? பேஸ்மேக்கரிடம் நாம் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான். அந்தக் கருவியை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க என்ஜினியர் வில்சன் கிரேட்பேட்ச், கருவிகளுக்கு உடம்பின் உட்புறம் விண்வெளியையும் கடலடியையும் விடக் கொடுமையான இடம் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். அவருடைய ஆரம்பகால முயற்சி ஒன்றில், கருவியை எலெக்ட்ரிகல் டேப்பால் சுற்றி விலங்கின் உடலில் வைத்தார்களாம். சில மணி நேரத்திலேயே ஈரம் உள்ளே புகுந்துவிட்டது.

மனிதருக்கு முதன்முதலில் பேஸ்மேக்கரை உடலுக்குள்ளேயே வைத்தது 1958 அக்டோபர் 8-ம் தேதி, சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகருக்கு அருகில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவமனையில். நோயாளி ஆர்னே லார்சன், வயது 43. ஒரு நாளைக்கு 20, 30 தடவை இதயம் நின்று மயங்கி விழுந்துகொண்டிருந்தவர். அவர் மனைவி எல்ஸ் மேரி, டாக்டர்களை விடாமல் நச்சரித்திருக்கிறார். அப்படியொரு கருவி இன்னும் முடியவில்லை என்றார்கள். 'அப்படியானால் முடித்துக் கொடுங்கள்' என்ற தோரணையில் அந்த அம்மாள் நின்றுவிட்டார்! ரூனே எல்ம்க்விஸ்ட் என்பவர் கருவியைச் செய்ய, ஓகே சென்னிங் என்ற சர்ஜன் அதைப் பொருத்தினார். கருவியை மூடியது எப்படி தெரியுமா? ஷூ பாலீஷ் டப்பாவை அச்சாக வைத்து, உள்ளே பாகங்களை அடுக்கி, எபாக்ஸி பசையை ஊற்றி உறைய வைத்தார்கள். நம் வீட்டில் உடைந்த குழாயை ஒட்டுகிறோமே, அந்தப் பசைக் குடும்பம்தான்.

அந்த முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன் அதற்குப் பிறகும் 43 வருஷம் வாழ்ந்தார். மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள் மாற்றி, 2001 டிசம்பரில் 86-வது வயதில் காலமானார். அதுவும் இதயத்தால் அல்ல, தோல் புற்றுநோயால்.

பலூன் சொல்லும் பாடம்

எபாக்ஸி கெட்டிதானே, பிறகு என்ன குறை என்கிறீர்களா? குழந்தையின் பிறந்த நாளுக்கு கேஸ் பலூன் வாங்குகிறீர்கள். ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் சுருங்கித் தரையில் கிடக்கிறது. ரப்பரின் ஊடாகவே ஹீலியம் கசிந்து வெளியேறிவிடுகிறது. பிளாஸ்டிக், ரப்பர், பசை எல்லாமே இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத நீராவிக்கு வழிவிடும், என்ன கொஞ்சம் மெதுவாக. வருஷக்கணக்கில் வழிவிடாதவை உலோகம், கண்ணாடி, பீங்கான் ஆகியவைதான். பற்பத்தையும் செந்தூரத்தையும் நாங்கள் கண்ணாடிச் சீசாவில் வைப்பது சும்மா இல்லை!

உள்ளே துளி ஈரம் புகுந்தாலும் என்ன ஆகும்? மின்சாரம் பாயும் இரண்டு முனைகளுக்கு நடுவே ஈரம் படிந்தால், உலோகம் கரைந்து வேர் விடுவதுபோல ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு வளரும். இரண்டும் தொட்டுக்கொண்டால் ஷார்ட். பேட்டரி சீக்கிரம் தீரும், அல்லது தாளம் தப்பும். மெஷினையே நம்பி இருக்கும் இதயத்துக்கு அது உயிர் போகிற விஷயம்.

'அப்படியானால் ஆரம்பத்திலேயே உலோகப் பெட்டியில் போட்டு மூடியிருக்கலாமே?' முடியவில்லை. அன்றைய பாதரச பேட்டரிகள் வாயுவை வெளிவிடும். இறுக மூடினால் பெட்டி வீங்கும். 1972-ல் லித்தியம் அயோடின் பேட்டரி வந்த பிறகுதான் வழி பிறந்தது. அது வாயு விடாது. அதன்பின் டைட்டானியம் தகட்டில் பெட்டி செய்து, லேசர் வெல்டிங்கில் விளிம்பை மூட ஆரம்பித்தார்கள்.

கம்பிக்கு ஒரு வாசல்

இங்கேதான் நான் ரசிக்கிற இடம் வருகிறது. பெட்டியை மூடியாயிற்று. ஆனால் இதயத்துக்குப் போகும் மின்கம்பி பெட்டியிலிருந்து வெளியே வந்தாக வேண்டுமே! டைட்டானியத்தைத் தொட்டுக்கொண்டே கம்பி வந்தால் மின்சாரம் பெட்டியிலேயே பாய்ந்துவிடும். தொடாமல் வர ஓட்டை போட்டால் தண்ணீர் புகும். கம்பிக்கு வழி விட வேண்டும், தண்ணீருக்கு விடக் கூடாது. இந்த வாசலைத்தான் என்ஜினியர்கள் 'ஃபீட்த்ரூ' என்கிறார்கள். நாம் 'கம்பிவாசல்' என்று வைத்துக்கொள்வோமே.

இந்த வித்தை உங்கள் பாட்டி காலத்து குண்டு பல்பிலேயே இருந்தது. கண்ணாடிக்குள் கம்பி நுழைகிறது, ஆனால் காற்று நுழைவதில்லை. சூடான கஷாயத்தைச் சட்டென்று கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் 'டப்' என்று விரிசல் விடுகிறதல்லவா? சூட்டில் கண்ணாடியின் ஒரு பக்கம் விரிகிறது, மறுபக்கம் விரியவில்லை. அதனால் விரிசல். கண்ணாடியும் உலோகமும் ஒட்டும்போதும் இதே தகராறுதான். உருக்கி ஒட்டிய பிறகு ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கி, மற்றொன்று குறைவாகச் சுருங்கினால் நடுவில் மயிரிழை விரிசல் விழும். எடிசன் காலத்து பல்புகளில் பிளாட்டினம் கம்பி போட்டதற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல. சாதாரணக் கண்ணாடியும் பிளாட்டினமும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிந்து சுருங்குபவை. மாமியாரும் மருமகளும் மாதிரி இல்லாமல், ஒத்துப் போகிற ஜோடி! பிறகு விலை கட்டுபடியாகாமல் மாற்றுக் கலப்பு உலோகங்கள் வந்தன.

எங்கள் மருத்துவத்தில் 'சீலைமண்' என்று ஒன்று உண்டு. மருந்துச் சரக்கை அகலில் வைத்து, மேலே இன்னொரு அகலால் மூடி, மண் குழைத்துத் தடவிய துணியைச் சுற்றிச் சுற்றி ஏழு முறை ஒட்டுவோம். பாளையங்கோட்டையில் நாங்கள் படித்தபோது, புடத்தில் சரக்கை வைப்பதைவிட இந்தச் சீலைமண்ணுக்குத்தான் அதிக நேரம் போகும். ஒவ்வொரு சுற்றும் காய்ந்த பிறகே அடுத்த சுற்று. அவசரப்பட்டுத் தடிமனாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு விழும். வெடிப்பு விழுந்தால் மருந்து புகையாகப் போய்விடும். இரண்டு பொருள்கள் சேர்ந்து காய வேண்டும், சேர்ந்து சுருங்க வேண்டும் என்பது மண்ணுக்கும் ஒன்றுதான், கண்ணாடிக்கும் ஒன்றுதான்.

பேஸ்மேக்கரில் பேட்டரியின் முனைக்குப் பெரும்பாலும் கண்ணாடி அடைப்பு. வெளிப் பெட்டியின் வாசலுக்கு இப்போது பெரும்பாலும் அலுமினா என்ற பீங்கான். உங்கள் ஊறுகாய் ஜாடிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். நடுவில் பிளாட்டினம் போன்ற உலோகத்தில் ஊசி. சுற்றிலும் பீங்கான் வளையம். அதற்கு வெளியே டைட்டானிய வளையம். இவற்றை ஒட்டுவது சுத்தத் தங்கம்! ஆசாரி நகைக்குப் பொடி வைத்து ஊதுவாரே, அதே வேலைதான். ஆனால் நகைப் பொடியில் வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும். உடம்பின் உப்பு நீரில் அவை அரிக்கும். அதனால் சுத்தத் தங்கத்தையே 1,064 டிகிரிக்கு மேல் உருக்கி ஓட விடுகிறார்கள். தங்கம் பீங்கானில் தானாக ஒட்டாது. ஆகவே பீங்கானின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு ஒன்று முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள்.

கடைசியில் ஹீலியம் சோதனை. பலூனை ஏமாற்றிய அதே வாயுவை வைத்தே வாசலைச் சோதிக்கிறார்கள். ஹீலியமே நுழையாத இடத்தில் தண்ணீர் எங்கே நுழையும்? காது கேளாத குழந்தைகளுக்கு வைக்கிற காக்ளியர் கருவியில் இன்னும் கஷ்டம். சில மாடல்களில் 22 மின்முனைகள். அத்தனைக்கும் தனித்தனி கம்பி அந்தச் சின்னஞ்சிறு பெட்டியிலிருந்து வெளியே வர வேண்டும்.

'பேட்டரியை மட்டும் மாத்தக் கூடாதா?'

பத்து வருஷம் போல ஆனதும் குடும்பத்தில் எழும் கேள்வி இது. 'பேட்டரி தீர்ந்திருக்கு'ன்னு சொல்லிட்டு மொத்த மெஷினுக்கும் காசு கேட்கிறாங்களே டாக்டர், ஏமாத்தறாங்களா?' இல்லை. இந்தப் பெட்டியில் திறக்கிற மூடி கிடையாது. திறந்தால் வெல்டிங் போச்சு, உள்ளிருக்கும் உலர்ந்த வாயுவும் போச்சு. அதனால்தான் பெட்டியை முழுதாக மாற்றுகிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் இதயத்துக்குள் போகும் பழைய வயர்களை அப்படியே புதிய பெட்டியில் சொருகிவிடுவார்கள். 'வயர் நல்லா இருக்கா?' என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

குறையே வராதா என்றால், வரும். 2021-ல் அமெரிக்காவில் சுமார் 62,000 பேஸ்மேக்கர்கள் பற்றி எச்சரிக்கை வந்தது. வயர் சொருகும் மேல்பகுதியில் ஊற்றும் பசை சரியாகக் கலக்காததால் சிலவற்றில் ஈரம் புகுந்திருந்தது. பழுதானவை மிகச் சில. அதனால் எல்லோருக்கும் கழற்ற வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார்கள். டாக்டர் சொல்லும் தேதியில் செக்கப்புக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான். மெஷின் எண் உள்ள அட்டையை எப்போதும் பர்ஸில் வைத்திருங்கள்.

இன்னும் சில. செல்போனை மெஷினுக்கு 15 செ.மீ. தள்ளி, எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். சட்டைப் பையில் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். காந்தப் பட்டை, காந்தச் சிகிச்சை கூடவே கூடாது, யார் சொன்னாலும் சரி! எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால் முதலில் அந்த அட்டையைக் காட்டுங்கள். மேட்டைத் தடவித் தடவித் திருகும் பழக்கம் சிலருக்கு உண்டு. வயர் முறுக்கி இடத்தை விட்டு வந்துவிடும்.

என்னிடம் வருகிறவர்களில் இன்னொரு வகை உண்டு. "மெஷின் வைக்கச் சொல்றாங்க. பயமா இருக்கு. மருதம்பட்டைக் கஷாயம் கொடுத்துச் சரி பண்ணிடுங்க ஐயா." மருதம்பட்டை எனக்குப் பிடித்த சரக்கு. ஆனால் இதயத்தின் மின்பாதை அறுந்து, நாடி 35-க்கு இறங்கி, பெரியவர் பாத்ரூமில் மயங்கி விழுகிறார் என்றால், அறுந்த பாதையைக் கஷாயம் ஒட்ட வைக்காது. அப்படி வருகிறவரை அன்றே இ.சி.ஜி. எடுக்க அனுப்பிவிடுகிறேன். நீங்களும் வீட்டுப் பெரியவருக்குத் தலைசுற்றல், மயக்கம் என்றால் மணிக்கட்டில் கை வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 50-க்குக் கீழே வந்தால், 'பித்த மயக்கம்' என்று எலுமிச்சை கொடுத்துப் படுக்க வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கடைசியாக, பலரும் சொல்லத் தயங்குகிற விஷயம். பேஸ்மேக்கர் வைத்தவர் காலமாகி, தகனம் செய்வதாக இருந்தால், மெஷினை முன்பே எடுத்துவிட வேண்டும். இறுக மூடிய பேட்டரி தீயில் வெடிக்கும். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் மின்மயானத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரியிலேயே கேட்டால் டாக்டர் எடுத்துத் தருவார். வீட்டில் இறந்தாலும் குடும்ப டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். துக்க நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. அதனால் இப்போதே அந்த அட்டையின் பின்புறம் இதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.