கூடப்பிறந்தவர் பொருந்தாவிட்டால் கதவு மூடிவிடுமா?

இரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு உதவி கோரும் கடிதம் ஜும்ஆவின் பின் வாசிக்கப்படுவதை புத்தளத்திலும் கல்பிட்டியிலும் நாம் கேட்டிருக்கிறோம். பணம் சேர்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பணத்தோடு சேர்த்தே தேட வேண்டியவர் கொடையாளர். அது பற்றி எம்மிடையே நிலவும் சில தவறான எண்ணங்களால் நோயாளியின் பெறுமதியான நாட்கள் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

"காக்காமார், தம்பிமார் இருக்கிறார்கள்தானே, யாராவது பொருந்துவார்கள்" என்பது முதலாவது எண்ணம். இங்கே முக்கியமாகப் பார்க்கப்படுவது இரத்த வகை அல்ல, எச்.எல்.ஏ. எனும் திசு அடையாளம். அதில் பாதி வாப்பாவிடமிருந்தும் பாதி உம்மாவிடமிருந்தும் வருகிறது. ஆகவே கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு 25 சதவீதமே. மூவர் இருந்தாலும், அவர்களில் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு சுமார் 58 சதவீதம்தான். பால்குடி உறவு மார்க்கத்தில் சகோதரத்துவம் என்றாலும், இந்த அடையாளம் அதனால் வருவதில்லை.

"வயதானவருக்கு இது தாங்காது" என்பது இரண்டாவது எண்ணம். கடுமையான மருந்தால் பழைய மச்சையை முழுவதும் அழித்த காலத்தில் அது உண்மையாக இருந்தது. 1990களின் இறுதியில் வீரியம் குறைத்த முறை வந்தது. இதில் மருந்தின் அளவு குறைவு. எஞ்சும் புற்றணுக்களை அழிக்கும் வேலையின் பெரும்பகுதியைக் கொடையாளரின் எதிர்ப்பு அணுக்களே செய்கின்றன. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் இதனால் வழி திறந்தது.

அந்த எதிர்ப்பு அணுக்கள் சில வேளை நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றையும் தாக்கும். வெளியார் கொடையாளராக இருக்கும்போது இத்தாக்கம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனாலும் முழுமையாகப் பொருந்திய வெளியாரிடமிருந்து பெற்றவர்கள் உயிர்வாழும் அளவு, சகோதரரிடம் பெற்றவர்களின் அளவை நெருங்கிவிட்டதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இன்னொரு விடயம்: 65 வயது நோயாளியின் சகோதரருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். வயதான சகோதரரா, இளம் வெளியாரா சிறந்தவர் என்பதில் ஆய்வு முடிவுகள் ஒரே பக்கம் சாயவில்லை. நோயையும் உடல்நிலையையும் பார்த்து வைத்தியரே தீர்மானிப்பார். இருவரும் இல்லாவிட்டால், பாதி பொருந்தும் பிள்ளையோ பெற்றோரோ கொடுக்கும் முறையும் இன்று நடைமுறையில் உள்ளது.

வெளியார் எங்கே கிடைப்பார்? உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். ஆனால் திசு அடையாளம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடையேதான் பொருந்துகிறது. அமெரிக்கப் பதிவேட்டில் வெள்ளையருக்குப் பொருத்தமானவர் கிடைக்கும் வாய்ப்பு 79 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 29 சதவீதம். பதிவு செய்தவர்கள் குறைந்த சமூகத்தின் நோயாளிக்கே இழப்பு. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேடு இந்தியர்களுக்காக இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது. எம்மவர் பதிவு செய்யாவிட்டால் எம்மவருக்குப் பொருந்துபவரை எங்கே தேடுவது?

பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி போதும். பின்னர் ஒருவருக்குப் பொருந்தினால், பெரும்பாலும் சில நாட்கள் ஊசி போட்டு, கையிலிருந்து இரத்தம் எடுப்பது போல இயந்திரத்தின் மூலம் ஸ்டெம் செல்களைப் பிரிப்பார்கள். சில நாள் எலும்பு வலி இருக்கலாம். கொடுத்தது மீண்டும் ஊறிவிடும். இரத்தம், தோல் போன்று தானாக மீள வளர்பவற்றைத் தானம் செய்யலாம் என ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988இலேயே தீர்மானித்துள்ளது.

எனவே நோய் உறுதியானவுடன் சகோதரர், பிள்ளைகளின் எச்.எல்.ஏ. பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். இரத்ததான முகாம்களைச் சிறப்பாக நடத்தும் எமது பள்ளிவாசல்களும் உலமாக்களும், இளைஞர்களைக் கொடையாளராகப் பதிவதற்கும் சுகாதாரத் துறையினருடன் பேச வேண்டும். ஓர் உயிரை வாழவைக்கும் அந்த நன்மையில் எமக்கும் பங்கு கிடைக்க அல்லாஹ் அருள்புரிவானாக!