பாம்பு விலாங்கும் கடற்பாம்பும்

ஆற்று முகத்துவாரங்களிலும் உப்பங்கழிகளிலும் வலை இழுக்கும்போது, பாம்பையொத்த நீண்ட உயிரொன்று மீன்களோடு அகப்படுவதுண்டு. பாம்பு விலாங்கைக் கடற்பாம்பென அஞ்சிக் கொல்வோர் உளர். கடற்பாம்பை விலாங்கெனக் கருதிக் கையால் எடுப்போரும் உளர். முன்னது வீண் கொலை. பின்னது உயிருக்கே ஆபத்து. ஆதலின் இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பாம்பு விலாங்கு மீன் வகுப்பைச் சார்ந்தது. நம் நாட்டில் காணப்படும் இனங்களுள் ஒன்று ‘பிசோடோனோபிஸ் போரோ’ என்பது. கங்கையாற்று மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்தார். சுமார் 1 மீட்டர் நீளம் வரை வளரும் இம்மீன், கடலோரத்தில் மட்டுமன்றிக் கழிமுகங்களிலும் அவற்றையடுத்த ஆறுகளிலும் நெல் வயல்களிலும்கூட வாழ்கின்றது. இதன் தாடைகளில் மழுங்கிய சிறு பற்கள் பட்டையாக அமைந்துள்ளன.

இதன் வால் நுனியில் துடுப்பில்லை. அது கூரிய, கடினமான முனையாக முடிகின்றது. அம்முனையால் சேற்றைத் துளைத்துப் பின்புறமாகவே வளைக்குள் புகுந்துவிடும். தலையை முன்வைத்துத் துளைக்கவும் வல்லது.

கடற்பாம்பின் வாலோ நீந்துதற்கேற்பப் பக்கவாட்டில் தட்டையாகித் துடுப்புக்கட்டை போலிருக்கும். அதன் உடலில் செதில்கள் உண்டு. பாம்பு விலாங்கின் தோல் செதிலற்று வழுவழுப்பானது. விலாங்கு செவுள்களால் சுவாசிப்பதால் தலைக்குப் பின் செவுள் துளைகள் காணப்படும். கடற்பாம்பு நுரையீரலால் சுவாசிப்பதாகலின் நீர்மட்டத்திற்கு வந்தே தீரவேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பலாகாது. பாம்பு விலாங்குகளுள் ஒன்றான ‘மைரிக்திஸ் கொலுப்ரினஸ்’, வெளிர்ந்த உடலில் கரும்பட்டைகளுடன் கடற்பாம்பைப் போலவே தோன்றும். அதனையும் கூரிய வாலே காட்டிக்கொடுக்கும்.

ஹைதராபாத் போன்ற உள்நாட்டு நகரங்களின் மாணவர்கள் இவ்வுயிர்களைப் பெரும்பாலும் கண்ணாடிச் சாடிகளிலேயே காண்பர். பாதுகாப்புத் திரவத்தில் நிறம் மங்கினும் வாலும் செதிலும் செவுள் துளையும் மாறுவதில்லை. ஆசிரியர் இம்மூன்றையும் காட்டிக் கற்பித்தல் நலம்.

வலையில் அகப்பட்டதை முதலில் தொடாமல், எட்ட நின்று வாலை நோக்குக. வால் தட்டையாயின், அசையாது கிடப்பினும் கையால் தீண்டலாகாது. கடற்பாம்புக் கடி தொடக்கத்தில் வலியின்றி இருக்கலாம். தசைவலியும் தளர்ச்சியும் பின்னரே தோன்றும். நம் நாட்டில் வழங்கும் பொதுவான பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிற்கென ஆக்கப்பட்டது, கடற்பாம்பு நஞ்சிற்கன்று. எனவே கடியுண்டவரை, வலியில்லையென்று வாளாவிராது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.