முழம் வேறு, கோல் வேறு!

பாலக்காட்டுப் பக்கம் மர வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகும் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய முறைப்படி வீடு கட்டும் மலையாள ஆசாரி "நாலு கோல் பன்னிரண்டு விரல்" என்றால், நாலரை முழம் என்று எண்ணி உத்திரத்தை அறுத்துவிடாதீர்கள்! கோலுக்கும் முழத்துக்கும் 24 விரல்தான். ஆனால் நம் ஊரில் புழங்கும் முழம் சுமார் ஒன்றரை அடி. அவர்கள் கோல் 72 சென்டிமீட்டர். நாலரை முழம் ஏழடிகூட வராது. நாலரைக் கோலோ பத்தரை அடிக்கு மேல். அறுத்த மரம் ஒட்டுமா? அன்றைய கூலியும் போச்சு. கோடு போடுமுன் ஆசாரியின் கோலையே வாங்கி வைத்துப் பார்ப்பது நல்லது.

எகிப்தியரும் முழத்தால்தான் அளந்தனர். சாதாரண முழம் 24 விரல். அரச முழம் 28 விரல், சுமார் 52 சென்டிமீட்டர். 4,500 ஆண்டுகளுக்கு முன் கூபு மன்னனுக்காக எழுந்த பெரிய பிரமிடின் ஒரு பக்கம் 440 அரச முழம், உயரம் 280. சரிவுக்கும் கணக்கு உண்டு: ஒரு முழம், அதாவது ஏழு உள்ளங்கை, மேலே ஏறினால் ஐந்தரை உள்ளங்கை உள்ளே தள்ள வேண்டும். நான்கு முகங்களும் உச்சியில் கூடியது இப்படித்தான்.

நம் ஆசாரியின் கணக்கோ வேறு. சுற்றளவைக் கோலில் எடுத்து, மூன்றால் பெருக்கி எட்டால் வகுப்பார். பதினொரு கோலுக்கு மீதி ஒன்று, ஒற்றைப்படை, ஆகும். இரட்டைப்படை வந்தால் அளவைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்த பிறகே அஸ்திவாரக் கல்.